பேரம் பேசிய வலது கை

மயக்க மருந்து கொடுக்கப் போகும் டாக்டரிடம் பொய் சொல்கிறவர்கள் பல ரகம். சிகரெட்டை மறைப்பவர்கள், காலையில் குடித்த காப்பியை மறைப்பவர்கள், கட்டுப் பல்லைக் கழற்றாமல் சிரிப்பவர்கள். நாச்சிமுத்து இந்த ரகங்களில் எதிலும் அடங்கமாட்டார். அவர் மாட்டுத் தரகர். டாக்டர் மீனலோசனி முன்னால் வந்து உட்கார்ந்ததும், தன்னையே ஒரு காளையாக நினைத்துக்கொண்டு விற்க ஆரம்பித்துவிட்டார்.

"மேடு ஏறினா மூச்சு வாங்குமா?"

"எனக்குங்களா? கூட வர்றவங்களுக்குத்தானுங்க வாங்கும்."

"வாயை நல்லாத் திறங்க."

"பாருங்க, நல்லாப் பாருங்க. ஒரு பல்லு ஆடாது. வேணும்னா புடிச்சு இழுத்துப் பாருங்க."

"ராத்திரி குறட்டை?"

"புள்ளையாட்டத் தூங்குவனுங்க."

சுவரோரம் நின்ற அவர் மனைவி பாவாயி, 'அந்தப் பிள்ளை எந்த வீட்டில் தூங்குகிறது' என்று கேட்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதும்?"

"ஒருக்காக் குடலிறக்கத்துக்குப் பண்ணுனதுங்க. ஒரு தொந்தரவும் இல்ல."

"ஏனுங்க, அன்னிக்கு அந்த டாக்டரு உங்க தொண்டையில..." என்று பாவாயி வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு புள்ள. அது வேற. அவருக்குக் கைப்பழக்கம் பத்தாது."

மீனலோசனி மதுரையில் ஒரு மொத்த ஜவுளிக் கடையின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். சரக்கைக் கேட்பதற்கு முன்பே புகழ்கிறவன் எந்த இடத்தில் கிழிசலை மடித்து வைத்திருப்பான் என்று பத்து வயதிலேயே தெரிந்தவள். ஆனால் அன்று வெளியே இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். பித்தப்பையில் கல், சின்னத் துளை போட்டு எடுக்கிற ஆபரேஷன். ஊரெங்கும் தினம் நடப்பது. நாச்சிமுத்துவின் தாடியும் அடர்த்தியானது. அந்தத் தாடிக்குள் தாடை எவ்வளவு சிறியது என்று விரலால் அளந்து பார்த்தவள், கொஞ்சம் யோசித்தாள்; தாடை சிறுத்தால் தொண்டையில் மூச்சுக் குழாய் விடுவது சிரமம். பிறகு தாண்டிப் போய்விட்டாள்.

"சரி, கை விஷயத்துக்கு வருவோம்" என்றாள்.

"கேள்விப்பட்டனுங்க. ஆளு தூங்குவான், கை மட்டும் முழிச்சிருக்கும்னு சொல்றாங்க. நெசமுங்களா?"

"நிஜம்தான். முழங்கைக்குக் கீழே ஒரு பட்டையை இறுக்கிக் கட்டிருவோம். உடம்பைத் தளர்த்துற மருந்து அந்தக் கைக்குள்ள போகாது. மனசுலயும் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைக்கிற மாதிரி இப்போ மருந்து வந்திருச்சு. வலி தெரியாது, பின்னாடி ஞாபகமும் இருக்காது. ஆனா கேட்டா கை பதில் சொல்லும். ஒரு தடவை அழுத்திப் பிடிச்சா சரி. விரலை விரிச்சுத் தள்ளினா வேண்டாம்."

"எதுக்குங்க அத்தனை கஷ்டம்? எல்லாத்துக்கும் முன்னாடியே கையெழுத்துப் போட்டிருக்கறனே."

"பித்தப்பைக்குப் போட்டிருக்கீங்க. நடுவுல வேற எதையாவது வெட்ட வேண்டி வந்துச்சுன்னா? முன்னாடியெல்லாம் டாக்டரே முடிவு பண்ணினாங்க. கண்ணை முழிச்சுப் பார்த்தா கால் இல்ல, கர்ப்பப்பை இல்லன்னு நிறையப் பேர் கோர்ட்டுக்குப் போனாங்க. அதுக்குத்தான் கைச்சம்மதச் சட்டம். கையைக் கேட்காம வெட்டினா நான் ஜெயிலுக்குப் போகணும்."

"கை தப்பாச் சொல்லிப்போட்டா?"

மீனலோசனி பேனாவை மூடினாள். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குறைவு. "தெற்கே ஒரு பொண்ணு. பிரசவத்துல ரத்தம் நிக்கல. கர்ப்பப்பையை எடுக்கலாமான்னு கேட்டதுக்குக் கை வேண்டாம்னு தள்ளிருச்சு. போயிட்டா. 'அவ அப்படிச் சொல்லியிருக்க மாட்டா'ன்னு புருஷன் அழறாரு. 'என் பிள்ளை அப்படித்தான் சொல்வா'ன்னு அம்மா சொல்லுது. அந்தக் கை யாருன்னு இன்னமும் வாதாடிக்கிட்டுத்தான் இருக்காங்க."

அறை கொஞ்சம் அமைதியாயிற்று. அமைதியை நாச்சிமுத்துவுக்குப் பிடிக்காது. அமைதியில் வியாபாரம் நடக்காது.

"எங்க கையெல்லாம் ரொம்ப வருசமாத் தனியாத்தானுங்க பேசுது" என்றார் தோளிலிருந்த துண்டைத் தட்டிக் காட்டி. "துண்டைப் போட்டு மூடிக்குவோம். உள்ள விரலைப் புடிச்சு வெலை. வெளிய ரெண்டு பேரும் மழையப் பத்திப் பேசிட்டிருப்போம்."

"எங்க அப்பாவும் பண்ணுவாரு. ஜவுளிக் கட்டுக்கு." அவளுக்கே தெரியாமல் குரலில் ஒரு மினுமினுப்பு வந்தது. "சின்ன வயசுல என் கையையும் உள்ள விடச் சொல்வாரு. ஆனா இப்போ மாட்டுக் காதுல சில்லு வெச்சு, விலையே அதுல வருதாமே? இன்னுமா துண்டு?"

"சில்லு பாலைச் சொல்லும், வயசைச் சொல்லும், வெலையும் சொல்லுமுங்க. ஆனா அதுகிட்டக் கொஞ்சம் எறக்கிக் கேக்க முடியாதுங்களே!" நாச்சிமுத்து சிரித்தார். "மொத வெலைக்கு எந்தக் கையும் தலையாட்டாதுங்க. ஆட்டுச்சுன்னா வித்தவனுக்கும் சோறு எறங்காது, வாங்குனவனுக்கும் எறங்காது."

அந்த வாக்கியம் தனக்கு எவ்வளவு சீக்கிரம் தேவைப்படப் போகிறது என்று மீனலோசனிக்கு அப்போது தெரியாது.

*

மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டரில் எல்லாம் வழக்கம்போலத்தான் தொடங்கியது. உதவியாளர் ரிஸ்வானா நாச்சிமுத்துவின் வலது கையில் பட்டையைக் கட்டினாள். தலைமாட்டில் நின்ற இயந்திரத்தின் பெயர் 'சாட்சி'. அதன் கேமராக் கண் அந்த வலது கையை மட்டுமே பார்க்கும்; பார்த்ததைப் பதிவு செய்யும். பள்ளிக்கூடத் தமிழில் பேசும். நாச்சிமுத்து கடைசியாகச் சொன்னது, "பாவாயிகிட்டச் சாப்பிடச் சொல்லுங்க" என்பது.

தூங்கினார். தளர்த்தும் மருந்து போனது. மீனலோசனி முகமூடியை வைத்துக் காற்றுப் பையை அமுக்கினாள். பை அமுங்கவில்லை. தாடையைத் தூக்கிப் பிடித்தாள், ரிஸ்வானா அமுக்கினாள். நெஞ்சு எழும்பவில்லை.

கேமரா வைத்த கருவியை வாய்க்குள் விட்டாள். திரையில் தெரிய வேண்டிய குரல்வளை தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் சிவந்த சதை. இன்னொரு அளவில் முயன்றாள். தொண்டைக்குள் போய் உட்காரும் மாஸ்க் ஒன்று இருக்கிறது, குழாய் போகாத இடத்திலும் பெரும்பாலும் கைகொடுக்கும். அதுவும் ஓரமெல்லாம் காற்றைக் கசியவிட்டது. அந்தப் பழைய டாக்டருக்குக் கைப்பழக்கம் இருந்திருக்கிறது என்று இப்போது புரிந்தது. 'அடுத்த தடவை எங்கே போனாலும் உங்க தொண்டையைப் பத்தி முதல்ல சொல்லிருங்க' என்று அவர் சொல்லி அனுப்பியிருப்பார். எந்தத் தரகர் தன் மாட்டின் குறையைத் தானாக வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார்?

இதயத்துடிப்போடு ஒலிக்கும் 'பீப்' சத்தம் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறையச் சுருதி இறங்கும். அது இறங்கத் தொடங்கியது.

"எழுப்பிரலாமே மேடம்" என்றார் சர்ஜன் குமரகுருபரன்.

"முறிவு மருந்து போட்டாச்சு சார். அது வேலை செய்ற வரைக்கும் இவர் தாங்கமாட்டார். கழுத்துல போயாகணும்."

குரல்வளைக்குச் சற்றுக் கீழே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் ஒரு கீறல், அதற்குள் ஒரு குழாய். அவ்வளவுதான். கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சட்டம் அதைவிடப் பக்கத்தில் இருந்தது.

"கையைக் கேளுங்கள்" என்றது சாட்சி. "மூன்று முறை கேட்கலாம்."

மீனலோசனி அவர் காதருகே குனிந்தாள். "நாச்சிமுத்து, மூச்சுப் போகல. கழுத்துல சின்னத் துளை போடணும். போடலாமா? சரின்னா என் கையை அழுத்துங்க."

அந்தக் கை விரல்களை விரித்து, அவள் கையைத் தள்ளியது. மரியாதையாக, ஆனால் தெளிவாக.

"முதல் மறுப்பு பதிவானது."

"என்ன மேடம் இது?" என்றாள் ரிஸ்வானா. "மனுஷனுக்குப் பொழைக்க வேண்டாமா?"

மீனலோசனி மறுபடி கேட்டாள். 'செத்துப்போயிருவீங்க' என்றும் சொல்லிப் பார்த்தாள். கை இந்த முறை தள்ளவில்லை. அவளுடைய இரண்டு விரலைப் பிடித்தது, ஒன்றை விட்டது, பிறகு சலித்துக்கொண்டதுபோல விரிந்து மேசைமேல் படுத்துவிட்டது.

"தெளிவில்லை. மறுப்பாகக் கொள்ளப்படும். இரண்டாம் மறுப்பு. ஒரு முறை மீதம் உள்ளது."

சர்ஜன் கையுறையை உயர்த்தியபடி ஓர் அடி பின்வாங்கினார். "நான் தொடமாட்டேன் மேடம். ரெண்டு மறுப்பு. எனக்கும் குடும்பம் இருக்கு."

பீப் சத்தத்தின் சுருதி இன்னும் ஒரு படி இறங்கியது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. மீனலோசனி அந்தக் கையைப் பார்த்தாள். இரண்டு விரலைப் பிடித்து ஒன்றை விட்டதே, அதைப் பார்த்தாள். சாக விரும்புகிறவன் விரலை எதற்கு எண்ணுகிறான்? முதல் விலைக்கு எந்தக் கையும் தலையாட்டாதுங்க. அதுவும் இப்படி, பத்துப் பேர் பார்க்க, வெளிச்சத்தில், கொஞ்சங்கூட வெட்கமில்லாமல் கேட்டால்!

"ரிஸ்வானா, ஒரு துண்டு. சீக்கிரம்."

"எந்தத் துண்டு மேடம்?"

"எதுவானாலும் சரி. மூடுறதுக்கு."

ரிஸ்வானா ஒரு பச்சைத் துணியை உதறிக் கொடுத்தாள். மீனலோசனி அதை நாச்சிமுத்துவின் கை மேல் போர்த்தித் தன் கையை உள்ளே விட்டாள்.

"கை எனக்குத் தெரியவில்லை" என்றது சாட்சி.

"தெரியக் கூடாது" என்றாள் அவள்.

அதன்பிறகு அவள் பேசியது மருத்துவக் கல்லூரியில் சொல்லித் தந்த பேச்சல்ல. "இதுக்கு மேல என்னால இறங்க முடியாதுங்க. சின்னத் துளைதான், தானே ஆறிரும். ஒத்துவராதுன்னா விடுங்க, நான் கிளம்புறேன். எனக்கு வேற ஆளு காத்துக்கிட்டிருக்கு." சொல்லிக்கொண்டே துணிக்குள்ளிருந்து தன் கையை மெல்ல இழுத்தாள். அப்பா கடையில் கற்றது. போகிறேன் என்றால் உண்மையிலேயே போகிற மாதிரி இருக்க வேண்டும். விரல் நுனி மட்டும் உள்ளே இருந்தது. அதுவும் நழுவியது.

பச்சைத் துணி எழும்பியது. அந்தக் கை பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தது. அவ்வளவு பலம் அதில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மோதிர விரல் எலும்பு வலித்தது.

"சாட்சி நீங்கள் மட்டுமே" என்றது இயந்திரம். "கை சம்மதித்ததா?"

"சம்மதம்" என்றாள் மீனலோசனி, இடது கையைக் கத்திக்கு நீட்டியபடி. பிறகுதான் நினைவு வந்து, "கொஞ்சம் விடுங்கய்யா, எனக்கு ரெண்டு கையும் வேணும்" என்றாள்.

கை விட்டது.

கீறல், விரல், குழாய். பை அமுங்கியது. நெஞ்சு எழுந்தது. பீப் சத்தம் ஒவ்வொரு படியாக ஏறி மேலே வந்தபோது, ரிஸ்வானா அழுதுகொண்டே அந்தப் பச்சைத் துணியை மடித்து வைத்தாள். ஏன் மடித்தாள் என்று அவளுக்கும் தெரியாது. சர்ஜன் சுவரைப் பார்த்து நின்று யாருக்கோ நன்றி சொன்னார். பித்தப்பைக் கல்லை அன்று யாரும் நினைக்கவே இல்லை.

*

சாட்சி எழுதியது இது: 'இரண்டு மறுப்பு. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத சம்மதம்.' அந்தக் 'கண்ணுக்குத் தெரியாத' என்ற சொல் மீனலோசனியைக் கைச்சம்மதக் குழுவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி சாமுவேல் தங்கையா. கெட்டவரல்லர். தெற்கே இறந்துபோன அந்தப் பெண்ணின் வழக்கைக் கேட்டவர் என்பதால் சிரிப்பை மறந்தவர்.

"துணிக்குள்ள என்ன நடந்துச்சு டாக்டர்?"

"நான் கையை வெளியே எடுத்தேன். அவர் பிடிச்சாரு."

"பிடிச்சாரு. விதிப்படி 'ஒரு தடவை அழுத்தினா சரி'. இது அழுத்தினதா, பிடிச்சதா?"

"பிடிச்சதுதான் சார்."

"அப்ப அது சம்மதம்தானா? உங்க மனசறிஞ்சு சொல்லுங்க."

மீனலோசனி மேசையைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை அவள் ஒருமுறை, நீலமான உதட்டுக்கு முன்னால் சொல்லியிருக்கிறாள். வெளிச்சத்தில் உட்கார்ந்து மறுபடி சொல்ல நாக்கு எழவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து வாயைத் திறந்தாள்.

"சாமி, நான் ஒரு வார்த்தை பேசலாமுங்களா?"

பின்வரிசையிலிருந்து நாச்சிமுத்து எழுந்து நின்றார். தாடி எடுத்துவிட்டிருந்தார்கள், கழுத்தில் சின்னதாக ஒரு தழும்பு. குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் சந்தைக்குப் போதும்.

"நீங்கதான் நோயாளியா? உங்களுக்கு ஞாபகம் இருக்காதே."

"எனக்கு இருக்காதுங்க. என்ர கைக்கு என்ன பழக்கம்னு எனக்குத் தெரியும்ங்களே. எங்க சந்தையில வந்து யாரை வேணாலும் கேளுங்க. துண்டுக்குள்ள போற கையை இழுத்துப் புடிச்சா, அதுக்கு மேல பேச்சில்ல. மாட்டை அவுத்துட்டுப் போயிடலாம். அதுதானுங்க சம்மதம்."

"நிச்சயமா?"

"இல்லீன்னா நான் உங்க முன்னாடி நின்னு ஏனுங்க பேசறேன்? வேண்டாம்னு சொன்ன ஆளு வேற எடத்துல அல்லவா இருப்பான்!"

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார். சாமுவேல் தங்கையா சிரிக்கவில்லை. ஆனால் நாச்சிமுத்துவின் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நல்லபடி முடிந்த ஒன்றைப் பார்த்து நெடுநாளான மனிதர் பார்க்கிற பார்வை. பிறகு பேனாவை எடுத்து, 'சம்மதம்' என்று எழுதிக் கோப்பை மூடினார்.

*

வெளியே வேப்பமரத்தடியில் பாவாயி மூடி போட்ட ஒரு தூக்குப் போசியோடு உட்கார்ந்திருந்தாள். மீனலோசனியைப் பார்த்ததும் எழுந்து, கையிலிருந்த போசியை அவள் கையில் திணித்தாள். "வெண்ணெய் கண்ணு. இவரு கன்னுக்குட்டியவே ஆட்டோவுல ஏத்தினாரு. டாக்டரம்மா மூணாவது மாடியில எங்க கட்டுவாங்கன்னு நான்தான் எறக்குனேன்."

"ரொம்ப நன்றிங்கம்மா."

"எனக்கு நீங்க சொல்றதா? அன்னிக்கே நான் சொல்ல வந்தேன். இவரு வாயை மூடிப்போட்டாரு. இனிமே எந்த ஆசுபத்திரிக்குப் போனாலும் மொதல்ல இவரு தொண்டையைப் பத்தி நான்தான் பேசுவேன். இவரு வெளிய நிக்கோணும்."

"நிக்கறேன் புள்ள, நிக்கறேன்" என்றார் நாச்சிமுத்து. பிறகு மீனலோசனி பக்கம் திரும்பினார். கண்ணில் குறும்பு போய் வேறெதுவோ வந்திருந்தது. "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கோணும். உங்க அப்பா கடையில, போற கையை இழுத்துப் புடிச்சா என்னங்க அர்த்தம்?"

மீனலோசனி போசியை மறு கைக்கு மாற்றினாள். "போகாதீங்க, இன்னும் பேசலாம்னு அர்த்தம்" என்றாள்.

"எங்க சந்தையிலயும் அதேதானுங்க."

மீனலோசனி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ உங்களுக்கும் தெரியும்" என்றாள் அவள்.

"உங்களுக்கும் தெரியும்ங்களே, தெரிஞ்சேதான் அறுத்தீங்க. அங்க நீங்க நெசத்தைச் சொல்லப் போறீங்கன்னு மூஞ்சியில தெரிஞ்சுது. அதான் எந்திரிச்சேன். வாழ்க்கையில மொத தடவையா வாங்குறவங்களுக்காகப் பொய் சொன்னனுங்க."

"நீங்க வேண்டாம்னுதான் சொல்ல வந்திருந்தா?"

"அம்மிணி, கைங்கறது தரகனுங்க. தரகன் எதையும் வேண்டாம்னுதான் சொல்லுவான், அதுதான் அவன் தொழில். மாட்டுக்காரன் உள்ளுக்குள்ள வேற ஆளு. போகாதேன்னு இழுத்தது தரகனில்ல. அது அவன்." தழும்பைத் தடவிக்கொண்டார். "நீங்க அவன்கிட்டக் கேட்டுப்போட்டீங்க. மிசினுக்கு அது கேக்காது."

மீனலோசனி இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரைத் தூங்கவைத்து எழுப்பியிருக்கிறாள். எழுந்தவர்கள் சர்ஜனுக்குப் பழக்கூடை கொடுப்பார்கள்; அவள் முகம் யாருக்கும் நினைவிருக்காது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை. இருந்திருக்க வேண்டுமோ என்று இன்று தோன்றியது.

"ஆனா பேச்சு பாக்கி நிக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து. "முடிக்காத பேச்சை விட்டுப்போட்டுப் போனா எனக்குச் சோறு எறங்காது." தோளிலிருந்து துண்டை எடுத்து உதறினார். வேறு யார் கைக்கும் கொடுக்காத, சந்தைத் தூசி ஏறிய துண்டு. அதைத் தன் வலது கைமேல் போட்டு நீட்டினார். "கேளுங்க. மறுபடி ஒருக்காக் கேளுங்க."

"இங்கேயா? எல்லாரும் பார்க்கிறாங்க."

"அதுக்குத்தானுங்க துண்டு."

மீனலோசனி போசியைப் பாவாயியிடம் கொடுத்துவிட்டுத் துண்டுக்குள் கையை விட்டாள். உள்ளே இருட்டாக, கதகதப்பாக இருந்தது. "நாச்சிமுத்து, மூச்சுப் போகல. கழுத்துல சின்னத் துளை போடணும். போடலாமா?"

"இந்த வருசம் மழை எப்பிடிங்க?" என்றார் அவர் பாவாயியைப் பார்த்து, உரக்க.

துண்டுக்குள் அந்தக் கை விரல்களை விரித்து அவளைத் தள்ளியது.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, "சரி, அப்ப நான் கிளம்புறேன்" என்று கையை இழுத்தாள். நுனி விரல் நழுவுவதற்கு முன்னால் அந்தக் கை பாய்ந்து பிடித்தது. இம்முறை அத்தோடு நிற்கவில்லை. அவளுடைய உள்ளங்கையைத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அதன்மேல் தன் கையை வைத்து மூடி, ஒரு தடவை, நிதானமாக அழுத்தியது.

"மழை நல்லாத்தான் பேயுது" என்றாள் பாவாயி.